விரல் கலங்காத பிரதி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழு மணிக்கே புழுக்கம். ஜன்னல் விளிம்பில் கரித்தூள், விரலால் பெயர் எழுதலாம். துவைத்ததை மாடியில் போடவில்லை. உள்ளேயே கொடி.

இன்றைக்கு:
– ராயபுரம் கல்யாண வீடியோ, பாட்டு மாற்றணும் (பெண் வீட்டார், மூன்றாவது தடவை)
– அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து
– சிலிண்டர்

மூன்றும் நடக்கவில்லை. பத்தரைக்குத் தபால். விசாரணை ஆபீசிலிருந்து ரஜியா பெயருக்கு. அவள் கொடுத்த வாக்குமூலத்தின் தமிழாக்கம், இரண்டு பக்கம்.

ரஜியா என் தங்கை. பிறந்ததிலிருந்து காது கேட்காது. எண்ணூர் ரோட்டில் டப்பா கம்பெனியில் பிரஸ் மிஷினில் மூடி அடிக்கிறாள். அந்த வரிசையில் ஆறு பேரும் காது கேளாதவர்கள்தான். எவ்வளவு சத்தம் போட்டாலும் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள்.

போன மாதம் பக்கத்து மிஷினில் குமாரிக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒரு பொத்தானைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், வேலை வேகமாக ஓட. கட்டச் சொன்னது யார்? மொத்த விசாரணையும் இந்த ஒரு கேள்விதான். குமாரியே கட்டிக்கொண்டாள் என்கிறது கம்பெனி. சூப்பர்வைசர் கட்டச் சொல்லிக் கை காட்டியதை ரஜியா கண்ணால் பார்த்தாள். பார்த்து, பயப்படாமல் சொல்ல வந்தவள் அவள் ஒருத்திதான்.

ரஜியாவுக்கு எழுத்து சரியாக வராது. அதனால் சைகையில் பேசி வீடியோ. எடுத்தது நான், வேலை பார்க்கும் ஸ்டூடியோவில், போன வாரம். எடிட் பண்ணி அனுப்பியதும் நான்.

இன்று வந்த காகிதத்தில் இரண்டாம் பக்கம், நாலாவது வரி: "பொத்தானைக் கட்டிவிடலாம் என்று குமாரி மேற்பார்வையாளரிடம் சொன்னாள்."

தலைகீழ்.

ரஜியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"நான் இத்த சொல்லவே இல்ல. என் கைய எவன் திருப்பிப் போட்டான்?"

(அவள் கை சொல்வதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவள் பேசுவதும் அப்படித்தான். புத்தகத் தமிழாக்குவது டேவிட் சார் வேலை.)


ஆகஸ்ட் 5, செவ்வாய்

அரை நாள் லீவு. ராயபுரம், டேவிட் சார் வீடு. காது கேளாதோர் பள்ளியில் வாத்தியார், விசாரணைக்கு அவர்தான் மொழிபெயர்ப்பு. கோபமாகத்தான் போனேன்.

"இன்னா சார் இப்டி எழுதிக்கீறீங்க? ஒரு பொண்ணு பொழப்பு சார் இது."

சார் கோபப்படவில்லை. போனை எடுத்து நீட்டினார். "நான் எழுதினது இருக்கட்டும் நூர்ஜகான். நீயே பாத்து சொல்லு. கை எங்கேர்ந்து எங்கே போவுது?"

பார்த்தேன். ஐந்து தடவை பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

சைகையில் "சொன்னார்" என்பதற்கு ஒரே அசைவு. யார் யாரிடம் சொன்னார் என்பது கை போகும் திசையில் இருக்கிறது. ரஜியா தன் வலப்பக்கத்தில் சூப்பர்வைசரை வைத்தாள் (அவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மீசை, உதட்டுக்கு மேலே ஒரு முறுக்கு). இடப்பக்கத்தில் குமாரியை வைத்தாள். கை வலமிருந்து இடம் போனால் மீசை குமாரியிடம் சொன்னான். இடமிருந்து வலம் போனால் குமாரி மீசையிடம் சொன்னாள். ஆத்திரத்தில் அரை நொடிகூட எடுக்கவில்லை அவள்.

என் வீடியோவில் அந்த அரை நொடியில் கை ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. நடுவில் ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு கோடு. விரல் என்று ஒன்றுமே இல்லை. கை இடப்பக்கத்திலிருந்து திரும்பி மடிக்கு வரும்போதுதான் கொஞ்சம் தெளிவு. சார் அதையே பேச்சு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"சார், அவளயே நேர்ல கொணாந்து சொல்ல வெச்சா?"

"இப்ப வந்து வேற மாதிரி சொன்னா அக்கா சொல்லிக் குடுத்ததும்பாங்க. யாரும் சொல்லிக் குடுக்காம முதல்ல சொன்னாளே, அதுக்குத்தான் மதிப்பு. அது இந்த வீடியோவில இருக்கு. அதைத் தெளிவாக் காட்ட முடியுமா உன்னால?"

தெளிவாகத்தான் எடுத்தேன் சார். தெளிவைக் கெடுத்ததும் நான்தான். இதை அவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் டிக்கெட் பின்னால் எழுதியது:

1. கேமரா நொடிக்கு ஐம்பது படம் எடுத்தது. எடிட் பண்ணும் டைம்லைனை இருபத்தைந்தில் வைத்தேன், கல்யாண வழக்கம். சாஃப்ட்வேர் இரண்டிரண்டு படத்தைக் கலந்து ஒன்றாக்கிவிட்டது. கை இரண்டு இடத்தில் தெரிவது இதனால்.
2. "மணப்பெண்" என்று நாங்கள் சேமித்து வைத்திருக்கும் செட்டிங். முகத்தில் பரு, புள்ளி எல்லாம் வழித்துவிடும். விரலையும் வழித்துவிட்டது.
3. ஒருமுறை ரெண்டர் போட்டு (வெட்டியதைப் புது ஃபைலாக வடிப்பது), முன்பகுதியை வெட்ட மறந்து, அந்த ரெண்டரையே எடுத்து மறுபடி வெட்டி மறுபடி ரெண்டர். நகலுக்கு நகல்.
4. அதைப் போனில் மெசேஜாக அனுப்பினேன். போன் தன் பங்குக்குச் சுருக்கியது.

பதினாலு வருஷமாக எடிட்டிங். நாலு தப்பு, நாலும் தெரிந்த தப்பு. சொந்தத் தங்கையின் பேச்சை மணப்பெண் முகம் மாதிரி மெழுகிவிட்டேன்.

கண் சொட்டு மருந்து வாங்கிவிட்டேன்.


ஆகஸ்ட் 6, புதன்

வெயில். வேலைக்குப் போகிற வழியில் வியாசர்பாடி. குமாரி வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அவள் அம்மா உட்காரச் சொல்லவில்லை. கடிதம் அங்கேயும் போயிருக்கிறது.

"ரஜியாவா இப்டி சொல்லிச்சு? ஒரே டப்பால சோறு துன்னுதுங்கம்மா ரெண்டும்."

உள்ளே குமாரி. வலது கை துணிக்கட்டில். இடது கையாலேயே பேசுகிறாள். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் பேசுவது மாதிரி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி. வாய் பேசுகிறவனுக்கு விரல் போனால் விரல்தான் போகும். இவளுக்குப் பாதிப் பேச்சே போயிருக்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். ரஜியா மேல் தப்பில்லை, டேவிட் சார் மேலும் இல்லை, என் மேல்தான் என்று. சொல்லும்போது என் கண் கலங்கிவிட்டது. சைகை பேசும்போது அழக்கூடாது, எதிரில் இருப்பவர் முகம் தெரியாது.

குமாரி என் முழங்கையைத் தட்டினாள். பிறகு இடது கை:

"ஒரிஜினல் கீதா?"

கீது என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு அழுவுற?"

அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை ஜாஸ்தி. குடித்தேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

தேரடி பக்கம் லாரி நெரிசல். ஸ்டூடியோவுக்கு இருபது நிமிஷம் லேட்.

பாஸ்கர் அண்ணன் ஏற்கெனவே என் நாற்காலியில். ஸ்டூடியோ அவருடையது. மோசமான ஆள் இல்லை. அம்மா கண் ஆபரேஷனுக்கு ரத்தம் சோதிக்கக் கூட வந்தவர்.

"நூரு, அந்த டப்பா கம்பெனி மேட்டர் ஹார்ட் டிஸ்க்ல கீதே, அத்த தூக்கிடு."

"ஏன்ணா?"

"ஆவணி பொறந்தா வரிசயா முகூர்த்தம் கீது. எடம் வேணும்."

"எடம் வேணும்னா போன வருஷ காதுகுத்தெல்லாம் கீது. அத்த தூக்கலாமே."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்மை அப்புறம்தான் வந்தது. அந்தக் கம்பெனி ஆண்டு விழா வீடியோ நாங்கள்தான் எடுக்கிறோம், மூன்று வருஷமாக. எச்.ஆர். நேற்று போன் செய்திருக்கிறார். மிரட்டவெல்லாம் இல்லை. உங்க ஸ்டூடியோவில எடுத்த வீடியோவாமே என்று மட்டும் கேட்டாராம்.

"நமக்கு இன்னாத்துக்குமா இந்தப் பேஜாரு? ஒரு தபா அனுப்பிட்ட. முடிஞ்சிது."

"முடில ணா. நான் அனுப்புனது கலீஜ். அத்த வெச்சி குமாரி தலைல கட்டிட்டாங்க."

"அழிச்சுட்டேன்னு சொல்லிட்டேன்மா அவருகிட்ட."

"அப்ப நீ பொய்யி சொல்லிக்கீற. நான் அத்த உண்மையாக்க முடியாது."

என் சொந்த டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து அவர் கண்ணெதிரிலேயே மாட்டினேன். ஒளித்து எடுக்கவில்லை. கேமராவிலிருந்து வந்தபடியே மொத்த ஃபைலும், நாற்பத்தொரு நிமிஷம். நகல் ஆகி முடிகிறவரை இருவரும் திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டு. அவர் டீ சொன்னார், பழக்கத்தில் எனக்கும் சேர்த்து.

நகலும் மூலமும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன். ஒன்றுதான்.

"நாளைலேர்ந்து வராத நூரு" என்றார். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு.

"சரிணா."

கிளம்பும் முன் ஒரு வேலை. "மணப்பெண்" செட்டிங்கை என் பெயரில் வைத்திருந்தது நான்தான். அழித்துவிட்டு வந்தேன். மணப்பெண்கள் பருவோடு இருக்கட்டும்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலை போன முதல் நாள். ஆறு மணிக்கே விழிப்பு. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் தண்ணீர் லாரிக்குச் சண்டை. "உன் குடம் இன்னா ராணி குடமா?"

என் பழைய லேப்டாப். விசிறியில் ஒட்டியிருந்த தூசியை பிரஷ்ஷால் எடுத்தேன், கறுப்பாக வந்தது. அடியில் இரண்டு மசாலா டப்பா மூடி வைத்து உயர்த்தினேன், காற்று போக.

நாற்பத்தொரு நிமிஷத்தில் விசாரணைக்கு வேண்டியது பதினெட்டு. நடுவில் இரண்டு இடத்தில் மின்சாரம் போய் வந்தது, அதை வெட்ட வேண்டும். தொடக்கத்தில் பெயர், தேதி ஒரு அட்டை. ஆகவே ஒரு ரெண்டர் போட்டே ஆகவேண்டும். ஒரே ஒரு தடவை. ஒரிஜினலிலிருந்து.

எனக்கே விதித்துக்கொண்டது:
– கேமரா எப்படியோ டைம்லைனும் அப்படியே. ஐம்பது என்றால் ஐம்பது. அளவும் அதே.
– நிறம், மினுமினுப்பு, வழிப்பு எதுவும் தொடக்கூடாது
– வெட்டுவதோடு சரி. கரைந்து மாறும் எஃபெக்ட் வேண்டாம்
– தமிழ் எழுத்து படத்தின் மேல் வேண்டாம், தனிக் காகிதத்தில்

முதல் ரெண்டர்: தரம் நடுத்தரம். நிறுத்திப் பார்த்தால் அழகு. ரஜியா கை வேகமெடுத்ததும் விரலெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஏன் என்று அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பின்னால் ஜிகினாத் திரை! ஸ்டூடியோ ஃபேன் காற்றில் அது ஆடி ஆயிரம் மினுக்கு. சுருக்கும்போது அசைகிற எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் தரம் பங்காகும். ஜிகினா பெரும்பங்கைத் தின்றுவிட்டு விரலுக்கு மிச்சத்தை வைத்திருக்கிறது. திரையை இனிமேல் கழற்ற முடியாது. ஆகவே மொத்தப் பங்கையே ஏற்ற வேண்டும்.

இரண்டாவது: தரத்தை மூன்று மடங்கு ஏற்றினேன். நன்று. ஆனால் நாலாவது நிமிஷத்தில் ஒரு மங்கல்.

மூன்றாவது: சுருக்கவே வேண்டாம் என்று வைத்தேன். படத்துக்குப் படம் இழப்பில்லாமல். லேப்டாப் அடுப்பு மாதிரி சூடு. தொண்ணூறு சதவீதத்தில் நின்றுவிட்டது. திட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து, "யார வைற?" "மிஷின்மா." "அப்ப வை."

ஜும்ஆ முடிந்து ஒலிபெருக்கி அடங்கிய நேரத்தில் மறுபடி போட்டேன். பின்னால் மேஜை விசிறி. நாலே முக்காலுக்கு முடிந்தது.


ஆகஸ்ட் 9, சனி

லேசான தூறல், உடனே நின்றது.

யாரிடம் சோதிப்பது? ரஜியாவும் நானும் பார்த்தால், என்ன வரப்போகிறது என்று தெரிந்தே பார்ப்போம். அம்மாவை உட்கார வைத்தேன். விவரம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சைகை வீட்டளவுக்குத்தான் தெரியும், கண் வேறு ஆபரேஷன் ஆனது. அவருக்குப் புரிந்தால் எவருக்கும் புரியும்.

முதலில் நான் போனில் அனுப்பிய பழையது. அம்மா: "இன்னாடி இது, பேய் மாதிரி கீது கை."

அடுத்தது நேற்று முடிந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்த இடம் வந்தது. போனது.

"மீசக்காரன் அந்தப் பொண்ணாண்ட சொல்றான். அத்த கட்டுன்னு."

ரஜியா அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். அம்மா கத்தல்: "வுடுடி, இடுப்பு!"

படம் படமாக நகர்த்திப் பார்த்தேன். வலது தோளருகே கை. அடுத்ததில் இம்மி இடப்பக்கம். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். பத்தொன்பது படம். பத்தொன்பதிலும் ஐந்து விரல்.

மாலை: கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்தார், பேக்கிங் பிரிவு. ரஜியாவிடம் நேராகப் பேசத் தெரியாது, என்னிடம் சொல்லி அவளிடம் சொல்லச் சொன்னார். இதை இப்படியே விட்டால் ரஜியாவை அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவார்களாம். பிரஸ்ஸும் வேண்டாமாம், ஏ.சி. ரூமில் எண்ணிக்கை வேலை.

ஒரு சொல் விடாமல் ரஜியாவுக்குச் சொன்னேன். அவள் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த நிரந்தரம். அக்கா என்கிற முறையில் எனக்கு ஒரு நொடி ஆசை வந்தது. எழுதி வைக்கிறேன், வந்தது.

ரஜியா அந்த ஆளின் முகத்துக்கு நேராக, மெதுவாக, பெரிய பெரிய அசைவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா சொல்லுது?"

"குமாரி வெரல வெச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்னு சொல்லுது."


ஆகஸ்ட் 11, திங்கள்

விசாரணை ஆபீசுக்கு நேரில். வரிசையில் ஒன்றரை மணி நேரம். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் குடையை நீட்டி எல்லாரையும் குத்திக்கொண்டே.

கிளார்க்: "வீடியோதான் ஏற்கெனவே வந்திருக்கே."

"அது சரியில்ல சார். அதே வீடியோவோட நல்ல பிரதி கொணாந்துக்கீறேன்."

"மெயில்ல அனுப்புங்க. இருபத்தஞ்சு எம்.பி.க்கு மேல போகாது, பாத்துக்குங்க. சுருக்கி அனுப்புங்க."

"சுருக்க மாட்டேன் சார்."

நிமிர்ந்தார். "எல்லாரும் சுருக்கித்தான்மா அனுப்பறாங்க."

"வாயால பேசறவங்க வந்து சாட்சி சொன்னா, பாதி வார்த்தைய முழுங்கிட்டு சொல்லுன்னு சொல்வீங்களா? இந்தப் பொண்ணு பேச்சு வெரல்ல கீது சார். சுருக்குனா வெரல் போவும். ஏற்கெனவே ஒருத்திக்கு வெரல் போயிட்டுதான் நாம இங்க குந்திக்கீறோம்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். குடைப் பெரியவர், "கரெக்டா கேக்குது அந்தப் பொண்ணு" என்றார், யாரும் கேட்காமலே.

கிளார்க் உள்ளே போனார், வந்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கேயே எழுதினேன்: பென் டிரைவில் இரண்டு ஃபைல். ஒன்று, வெட்டாத முழு ஒரிஜினல். இரண்டு, தொகுத்தது. எங்கெங்கே வெட்டினேன், ஏன் வெட்டினேன், நிமிஷக் கணக்கோடு. முன்பு அனுப்பிய பிரதி மங்கியதற்கு நானே காரணம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை வாங்கிக்கொண்டேன்.

வரும் வழியில் சிலிண்டர் பதிவு. ஒருவழியாக.


ஆகஸ்ட் 14, வியாழன்

விசாரணை.

வெயில் கொளுத்தல். ரஜியா பச்சை சுடிதார், குமாரி நீலம். டேவிட் சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எதிரே கம்பெனி எச்.ஆர்., பக்கத்தில் மீசை. நேரில் பார்த்தால் மீசை சின்னதுதான்.

அதிகாரி ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். சுருக்கமாகப் பேசுகிறவர்.

சுவரில் புரொஜெக்டர். படம் போட்டார்கள். எல்லாம் மஞ்சளாக வெளுத்து, விரல் எது ஜிகினா எது தெரியவில்லை. இத்தனையும் செய்து கடைசியில் ஆபீஸ் சுவரில் போய்க் கெட வேண்டுமா? எழுந்தேன். "மேடம், செவுத்துல வேணாம். என் லேப்டாப்ல பாருங்க."

எச்.ஆர். சிரித்தார். "மேடம், இவங்க கல்யாண வீடியோ எடிட்டர். சாட்சிக்கு அக்கா வேற. முதல்ல ஒரு வீடியோ, இப்ப ஒரு வீடியோ. எடிட் பண்ணதை எப்படி நம்பறது?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நல்ல தமிழில் பேச வேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் பறந்துவிட்டது. என் தமிழிலேயே சொன்னேன்.

"நம்ப வேணாம் மேடம். எடிட் பண்ணாததும் உள்ள கீது, நாப்பத்தோரு நிமிசம், நான் கேமராவ சரி பண்றதுலேர்ந்து. அத்தயே பாருங்க. ரெண்டு வீடியோ இல்ல, ஒண்ணுதான். மொதல்ல அனுப்புனத நான் கெடுத்துட்டேன். இது கெடாதது."

அதிகாரி நாற்காலியை லேப்டாப் பக்கம் இழுத்துப் போட்டார். முழு ஒரிஜினலையே கேட்டார். இருபத்திரண்டாவது நிமிஷம்.

ஓடியது. ரஜியாவின் கை போனது.

"நிறுத்துங்க. மறுபடி."

மறுபடி.

"மெதுவா காட்ட முடியுமா?"

ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். வலது தோள். இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம். எந்தப் படத்திலும் புகை இல்லை. கடைசிப் படத்தில் விரல் நுனி குமாரிக்கு வைத்த இடத்தைச் சுட்டி நிற்கிறது, நகம் வரைக்கும் தெரிகிறது.

அதிகாரி டேவிட் சார் பக்கம் திரும்பினார். சார் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"நான் எழுதிக் கொடுத்தது தப்பு, மேடம். மேற்பார்வையாளர் குமாரியிடம் சொன்னார். 'அதைக் கட்டு, வேகமாகப் போகட்டும்.' இதுதான் சரியான மொழிபெயர்ப்பு. திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்."

எச்.ஆர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மீசை, பதற்றத்தில்: "நான் மட்டுமா சொன்னேன் சார்? எல்லா வரிசையிலயும் அப்டித்தானே ஓடிச்சு!"

எச்.ஆர். அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். நிமிராமலேயே, "எல்லா வரிசையிலயும். சரி" என்றார்.

ரஜியா என்னை இடித்தாள். இன்னா சொன்னான்? சொன்னேன். குமாரிக்கும் சொன்னேன். குமாரி சிரிக்கவில்லை. துணிக்கட்டுப் போட்ட கையை மேஜை மேல் எடுத்து வைத்தாள், மீசைக்கு நேராக. அவ்வளவு நேரமும் அதை மடியில் மறைத்து வைத்திருந்தாள்.


ஆகஸ்ட் 16, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நெத்திலி வறுவல். இரண்டு வேளையும் தூக்கம்.

பாஸ்கர் அண்ணன் போன். எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தேன். பெண் வீட்டார் பாட்டு மாற்ற நாலாவது தடவை வந்திருக்கிறார்களாம், எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம். சொன்னேன். திரும்ப வரியா என்றார். அந்த வீடியோவை அழித்துவிட்டேன் என்று எச்.ஆரிடம் சொன்ன பொய்யை அவரே போன் போட்டுத் திருத்தினால் பார்க்கலாம் என்றேன். வைத்துவிட்டார்.


ஆகஸ்ட் 29, வெள்ளி

ராத்திரி மழை, காலையில் காலடிப்பேட்டை முழுக்கச் சேறு.

உத்தரவு வந்தது. டேவிட் சார் படித்துக் காட்டினார், ரஜியாவும் குமாரியும் அவர் கையையே பார்த்துக்கொண்டு. விபத்துக்குக் குமாரி பொறுப்பல்ல. சிகிச்சையும் தகுந்த வேலையும் கம்பெனி பொறுப்பு. எல்லா மிஷினிலும் கட்டிய கம்பியை எடுத்து, சோதனை முடிகிறவரை பிரஸ் வரிசை ஓடக்கூடாது.

விரல் வரவில்லை. அதற்கு உத்தரவு இல்லை.

ரஜியாவின் நிரந்தரம் போயே போய்விட்டது. மூட்டை தைக்கிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், பழிவாங்கல்தான். போய்த் தைக்கிறாள். "சோதன முடியட்டும், என் மிஷின் எனக்கு வேணும்னு எழுதிக் குடுத்துக்கீறேன். நீ படிச்சுப் பாரு, தப்பு இருந்தா திருத்தாத" என்றாள். படித்தேன். ஏழு எழுத்துப் பிழை. திருத்தவில்லை.


செப்டம்பர் 7, ஞாயிறு

காலை எட்டு மணி. மொட்டை மாடி. கடல் காற்று, வெளிச்சம் நன்று.

அந்த வரிசையில் மீதி நாலு பேருக்கும் துணிச்சல் வந்திருக்கிறது. குமாரியோடு சேர்ந்து, அவரவர் பார்த்ததை மிஷின் சோதனைக்காகச் சொல்லப் போகிறார்கள். டேவிட் சார் என்னைத்தான் எடுக்கச் சொன்னார். கேமரா இரவல். பின்னால் அம்மாவின் பழுப்புப் போர்வை, நாலு பக்கமும் இழுத்துக் கட்டியது, ஆடாது.

முதலில் குமாரி. கட்டு அவிழ்த்துப் பத்து நாள் ஆகிறது. இடது கையோடு வலதையும் சேர்த்துப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறாள், மூன்று விரலுக்குத் தகுந்த மாதிரி சொற்களை வளைத்து. சிலது எனக்கே புதுசு. ரஜியாவுக்கு எல்லாம் புரிகிறது.

அந்தக் கை நன்றாகத் தெரிகிற மாதிரி உட்காரலாமா, இல்லை கொஞ்சம் திரும்பி உட்காரட்டுமா என்று கேட்டேன்.

நேராக உட்கார்ந்தாள்.

"நான் வேகமா பேசுவேன். உன் பொட்டி தாங்குமா?"

பேசு என்றேன்.